கணுக்காலுக்கு மேலே

விரல் முன்னாடி முட்டுதா என்று கடைக்காரப் பெண் கேட்டாள். எத்திராஜ் குனிந்து பார்த்தார். கறுப்பு பூட்ஸ், கணுக்கால் வரைக்கும், பக்கத்தில் ஜிப், தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ விளையாட்டு ஷூ என்றுதான் தோன்றும், உள்ளே அவருடைய வலது கால் இருக்கிறது. இருக்கிறது என்று நம்ப வேண்டியதுதான். உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தார், அந்தப் பெண் ஜிப்பை இழுத்து மூடினதையும் பார்த்தார், அதோடு சரி, அதற்கப்புறம் அந்தக் காலிடமிருந்து ஒரு சேதி இல்லை. முட்டுகிறதா, இடிக்கிறதா, விரல் மடங்கிக் கிடக்கிறதா, உள்ளே ஆணி ஒன்று நிமிர்ந்து நிற்கிறதா, ஒன்றும் சொல்லாது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான். முதலில் விரல் நுனி மரத்தது, பிறகு பாதம், பிறகு கணுக்கால் எலும்பு வரைக்கும், கம்பளியில் சுற்றின செங்கல்லைக் காலுக்குப் பதிலாகக் கட்டிவிட்ட மாதிரி. இடது காலும் அதே கதைதான், ஒரு மாற்றுக் குறைவு. சர்க்கரை. அதை யாரிடமும் சொல்லவில்லை, சர்க்கரையை அல்ல, அது தெருவுக்கே தெரியும், இந்தச் செங்கல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வேதவல்லிக்குத் தெரியாது. ஒரே மகள், வீட்டு மாடியில் குடியிருப்பவள், மடியில் கைப்பை, கைப்பைக்குள் அவருடைய புல்லட் சாவி. கடை வாசலில் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் உருவிக்கொண்டாள். பூட்ஸ் வாங்கினாத்தான் சாவி, இல்லன்னா இன்னியோட வண்டிக்கு முழுக்கு, நான் சொன்னா சொன்னதுதான் என்றாள். சொன்னால் சொன்னதுதான் என்பது அவருடைய பேச்சு. எப்போது களவு போனது என்று தெரியவில்லை.

"முட்டலை," என்றார்.

"பின்னாடி லூஸா இருக்கா அங்கிள்?"

"அங்கிள் வேணாம்."

"அப்ப எப்படிக் கூப்பிடறது?"

"கூப்பிட வேணாம்மா. பூட்ஸைக் காட்டு, போதும்."

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம்," என்றாள் வேதவல்லி. "கோர்ட்ல அமீனாவா இருந்தவரு. சம்மன் குடுத்துக் குடுத்து வாய் அப்படியே பழகிடுச்சு."

"அமீனாவா?" கடைக்காரப் பெண் நஸீரா சிரித்தாள். நாற்பதைத் தாண்டியவள், முக்காட்டின் நுனியைக் காதோரம் செருகிக்கொண்டு தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். "அப்ப எங்க வாப்பா கடைக்கும் ஒரு தடவை வந்திருப்பீங்க."

"வந்திருந்தா ஞாபகம் இருக்கும்."

"உங்களுக்கா, வாப்பாவுக்கா?"

அவர் சிரிக்கவில்லை, ஆனால் பெண் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார். ஜி.பி. ரோட்டில் மற்ற பைக் சாமான் கடைகளில் சிரிக்கிறவர்களும் இல்லை, முட்டிபோடுகிறவர்களும் இல்லை, சைலன்சரைத் தூக்கிக் காட்டி இதைப் போட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்பார்கள். ஊர் திரும்பிப் பார்த்து என்ன ஆகப்போகிறது. அமீனா வேலையில் ஊர் திரும்பித்தான் பார்த்தது, புல்லட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் கதவுகள் சாத்திக்கொள்ளும், வீட்டுக்காரம்மா மட்டும் வெளியே வந்து அவரு ஊர்ல இல்லீங்களே என்பாள், இவர் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார், வாசற்படியைப் பார்ப்பார், ஆம்பிளைச் செருப்பு இரண்டும் படியோரம் கிடக்கும், ஊருக்குப் போனவன் வெறுங்காலோடு போனானா என்று கேட்பார், அவ்வளவுதான், உள்ளே இருமல் சத்தம் வரும். செருப்பு பொய் சொல்லாது. அதை வைத்துத்தான் பிழைத்தார். சம்மனை வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வர வேண்டும், ஒட்டிவிட்டால் கையில் கொடுத்த கணக்குத்தான், படித்தாலும் படிக்காவிட்டாலும். இப்போது இந்தக் காலைச் சம்மன் மாதிரி அவர் கதவில் எவனோ ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒட்டட்டும். கிழித்துப் போட எவ்வளவு நேரம். அந்தப் பெண் நடந்து பாருங்க என்றாள். நடந்தார். எதிரே ஆளுயரக் கண்ணாடி, அதில் வெள்ளை மீசையும் காக்கிப் பேண்ட்டுமாக ஒரு கிழவன் தரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். தரையைப் பார்க்காமல் நடந்தால் என்ன என்று ஒரு வீம்பு வந்தது. வேண்டாம். குளியலறையில் அன்றைக்கு முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினபோது வீடு அப்படியே ஒருபக்கம் சாய்ந்தது, குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார், கண்ணைத் திறந்ததும் வீடு நேரானது. கண்தான் காலாக இருக்கிறது இப்போது. கண் மூடினால் கால் இல்லை. அன்றிலிருந்து சோப்பு எரிந்தாலும் கண்ணைத் திறந்துகொண்டே குளிக்கிறார், கண் சிவந்து கிடக்கிறதே என்ன என்று வேதவல்லி கேட்டாள், தூசி என்றார். வண்டியில் மட்டும் என்ன கண்ணை மூடிக்கொண்டா போகிறார். இல்லை. ஆனால் காலைப் பார்த்துக்கொண்டும் போக முடியாது. அந்த இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் யோசனை வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது, தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மாதிரி.

"நல்லா இருக்குபா," என்றாள் வேதவல்லி. "ஸ்டைலா இருக்கு. கல்யாணத்துக்கே போட்டுக்கிட்டுப் போகலாம்."

"யார் கல்யாணத்துக்கு?"

"உனக்குத்தான் பாக்கணும்."

"கணுக்காலுக்கு ரெண்டு பக்கமும் பேட் இருக்கு," என்றாள் நஸீரா. "முன்னாடி விரல்கிட்ட கெட்டியா கொடுத்திருக்கான். லேஸ் கிடையாது, எதுலயும் மாட்டாது. டெய்லி ஓட்டறவங்க இதைத்தான் கேக்கறாங்க. கியர் போடற இடத்துல பாருங்க, தனியா ஒரு ரப்பர் வச்சிருக்கான், தோல் தேயாது."

எத்திராஜ் பார்த்தார். ரப்பர் இடது கால் பூட்ஸின் மேல் இருந்தது. வலதில் இல்லை. "என் வண்டிக்கு கியர் இந்தப் பக்கம்," என்று வலது காலைத் தூக்கிக் காட்டினார்.

நஸீரா நிமிர்ந்து பார்த்தாள். "வலது கால்லயா? பழைய புல்லட்டா? வாசல்ல நிக்குதே, அதா?"

"அதான்."

"அப்ப பிரேக்?"

"இடது."

"யா அல்லா. அதை இந்த ஊர்ல வேற யாரால ஓட்ட முடியும்?"

"யாராலயும் முடியாது," என்றாள் வேதவல்லி. "அதனாலதான் இவரும் விக்க மாட்டேங்கறாரு, வாங்கவும் ஆள் இல்ல."

வாங்க ஆள் இருக்கிறது. அயனாவரத்திலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், ஒருவன் அதை ஓட்டலில் அலங்காரமாக நிறுத்தி வைக்கப் போகிறேன் என்றான், வாசலைக் காட்டி வெளியே போ என்றார். வண்டியை நிறுத்தி வைத்துப் பார்ப்பதற்கா கம்பெனிக்காரன் செய்தான். விற்றுவிட்டால் அப்புறம் என்ன. வேதவல்லி போனில் ஆட்டோ வரவழைப்பாள், ஏறு என்பாள், அவர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு எவனோ ஒருவனுடைய சட்டை முதுகைப் பார்த்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவார், ஆஸ்பத்திரிக்குப் போவார், அவன் எந்தச் சந்தில் திரும்புகிறானோ அந்தச் சந்தில் திரும்புவார், இறங்கும்போது பார்த்து இறங்குங்க பெரியவரே என்பான். அதற்குப் பேசாமல் படுத்துவிடலாம். இல்லை, படுக்கவும் கூடாது, படுத்தால் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். எல்லாம் அந்தக் காலால் வந்த வினை. அந்தக் கால் அன்றைக்கு ஒழுங்காக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடையில் வந்து உட்கார வேண்டிய அவசியமே இல்லை. புரசைவாக்கத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார், வண்டியை நிறுத்தினார், பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார், மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார், மேலே இருந்து இறங்கி வந்த வேதவல்லி வாசலிலிருந்தே யாருப்பா ஈரக் காலோட வந்தது என்றாள். மொசைக் தரையில் வரிசையாக ஒரு கால் தடம். ஒரு கால்தான். வலது. அவரும் பார்த்தார், யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் அவரும் நினைத்தார், அந்தத் தடம் வந்து நின்ற இடத்தில் தம் கால் இருப்பதைப் பார்க்கிற வரைக்கும். செருப்பு இல்லை. எங்கேயோ வழியில் கழன்று விழுந்திருக்கிறது. வெறுங்கால் சைலன்சரில் சாய்ந்தபடியே வந்திருக்கிறது, கொப்புளம் உடைந்து அதன் நீர்தான் தரையெல்லாம். வலிக்கலையாப்பா என்றாள் அவள். வலிக்காம இருக்குமா என்று அதட்டினார். செருப்பு அறுந்துடுச்சு, சூடு பட்டுடுச்சு, பெரிசா பேசாதே. அவள் நம்பிவிட்டாள். செருப்புதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டாள், புண் ஆறினதும் பூட்ஸ், பூட்ஸ் போட்டால் கழன்று விழாது, சூடு படாது, கணுக்கால் வரைக்கும் பாதுகாப்பு. நல்ல பெண். தப்பான ஆளைப் பிடித்துக்கொண்டு போகிறது, விட்டுவிட்டார்.

நஸீரா உள்ளே போய் வேறு ஜோடி கொண்டுவந்தாள். பழுப்புத் தோல், பார்க்க லட்சணமாக இருந்தது, லேஸ் வைத்தது. லேஸ் வேண்டாம் என்றார், கியரில் மாட்டும். இன்னொன்று, சாம்பல் நிறம், துணி மாதிரி, காத்து போகும், நம்ம வெயிலுக்கு நல்லது என்றாள். அதற்குள் கையை விட்டார். முழங்கை வரை விட்டு விரலால் தடவினார், நுனியிலிருந்து குதிகால் வரை, ஒவ்வொரு தையலாக, சுண்டுவிரல் வருகிற இடத்தில் தையல் மடிப்பு ஒன்று தடித்து நின்றது, அரிசி அளவு. இது வேண்டாம். நஸீரா வாங்கித் தானும் கையை விட்டுப் பார்த்தாள். "இதெல்லாம் காலுக்குத் தெரியவே தெரியாதே," என்றாள். தெரியாது, அதுதான் சங்கதி. அரிசி அளவு மடிப்பு ஒரு வாரம் அரைத்தால் போதும் என்று டாக்டர் சொன்னார், முதலில் சிவக்கும், அப்புறம் புண், அப்புறம் கறுப்பு, அப்புறம் என்ன என்று அவர் சொல்லவில்லை, சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார், அந்தப் படத்தில் கால் முழுசாக இல்லை. அந்த டாக்டரிடம் தனியாகத்தான் போனார். கண்ணை மூடிக்கச் சொன்னார் டாக்டர், கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழை வைத்திருந்தார், அதால் பாதத்தைத் தொடுவேன், தொட்டதும் தெரியுதுன்னு சொல்லுங்க என்றார். எத்திராஜ் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மின்விசிறிச் சத்தம், வெளியே ஒரு குழந்தை அழுகிறது, ஒன்றும் வரவில்லை, இவ்வளவு நேரமாகவா தொடாமல் இருப்பார், தொட்டிருப்பார், சொல்லாவிட்டால் எழுதிவிடுவார். தெரியுது என்றார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் தெரியுது. அப்புறம் ஒன்று. நல்ல இடைவெளி விட்டுத்தான் சொன்னார். கண்ணைத் திறந்தபோது டாக்டர் இழையை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லைங்க என்றார், கோபம் இல்லாமல், அதுதான் பொறுக்கவில்லை. பேசாமல் எழுந்து வந்துவிட்டார். கீழே வந்து வண்டியை ஒரே உதையில் எடுத்தார். எடுத்த கால் எது. அதே கால். உணர்ச்சி இல்லாத கால் உதைத்த உதையில் வண்டி கிளம்பியதா இல்லையா. கிளம்பியது. பிறகு என்ன. காலே, நீ சொல்லாவிட்டால் போ. உன்னைக் கேட்டுக்கொண்டா இத்தனை நாள் ஓட்டினேன். கியர் விழுந்ததைக் காது சொல்கிறது, முழங்கால் சொல்கிறது, இடுப்பு சொல்கிறது. பிரேக். பிரேக்குக்குக் காது கிடையாது. அது அமுங்கும்போது சத்தம் போடாது. அங்கே மறுபடியும் தண்ணீர் லாரி.

ஒரு வழி இருந்தது. இரண்டு நாளாக மண்டையில் உருட்டிக்கொண்டிருந்தார். "அட்டைப் பெட்டி மூடி ஒண்ணு குடும்மா," என்றார். நஸீரா எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாள். தரையில் போட்டு அதன்மேல் வலது காலை வைத்தார். காலைச் சுற்றிக் கோடு போட்டு, வெட்டி, அந்த அட்டைக் காலை பூட்ஸுக்குள் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். மடங்கினால் பூட்ஸ் சின்னது, மடங்காமல் படுத்தால் சரி, காலைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பேனா எடுத்தார். குனிந்தார். வயிறு இடித்தது, பாதிக்கு மேல் முதுகு வரவில்லை. "குடுப்பா," என்று வேதவல்லி பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார், வேண்டாம் என்றால் ஏன் என்பாள். குதிகாலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பூட்ஸ் வாங்க வந்த பையன் ஒருவன் ஹெல்மெட்டைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தான். வெளியே வெயில் வண்டியின் டாங்க் மேல் கொதித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். வேதவல்லி கோடு போடவில்லை. பேனாவைப் பாதத்தின் உள்வளைவில் வைத்து மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தாள், முதலில் மெல்ல, அப்புறம் அழுத்தி, நீலக் கோடு கோடாக விழுந்திருந்தது. சுரீர் என்றது, காலில் இல்லை, நெஞ்சில். அந்த இடத்தை யாரும் தொடக் கூடாது. சின்னப் பிள்ளையில் இவள் கட்டிலடியில் ஒளிந்துகொண்டு தொங்குகிற காலில் அந்த இடத்தைச் சுரண்டுவாள், அவர் துள்ளிக் குதிப்பார், அமீனா கூசிக் கூச்சல் போடுகிறது என்று அவள் அம்மா அடுக்களையிலிருந்து சிரிப்பாள். வெட்டிப் போட்டாலும் அசையாத மனுஷன் அந்த ஒரு இடத்துக்கு மட்டும் அலறுவான் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். இப்போது அந்த இரண்டில் மிச்சம் இருக்கிற ஒருத்தி தரையில் உட்கார்ந்துகொண்டு அண்ணாந்து பார்க்கிறாள். கால் அட்டைமேல் சாதுவாக உட்கார்ந்திருக்கிறது, தூங்குகிற மாடு மாதிரி.

"அப்பா."

"வரைஞ்சாச்சா?"

"எவ்ளோ நாளா?"

"வரைஞ்சியா இல்லியா?"

"கேக்கறேன் இல்ல, எவ்ளோ நாளா?"

"ரொம்ப நாளா."

அவள் பேனாவை மூடினாள். எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "எழுந்திருப்பா, போகலாம். வண்டி இங்கயே நிக்கட்டும். நாளைக்கு ஆள் அனுப்பறேன்." குரல் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார், அது அவருக்கு வசதி. நஸீரா இருவரையும் பார்த்துவிட்டு எதையோ எடுக்கிறவள் மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எத்திராஜ் எழுந்திருக்கவில்லை. போகலாம் என்றால் போகலாமா. சாயங்காலம் வேதவல்லி தன் வீட்டுக்காரனிடம் சொல்வாள், அவன் தலையை ஆட்டுவான், ஓட்டல்காரன் வருவான், புல்லட்டைச் சைக்கிள் மாதிரி தள்ளிக்கொண்டு போவான். ஒருவேளை அவள் சொல்வதுதான் சரி. நடுரோட்டில் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வருகிறது, பிரேக்கை மிதிக்கிறோம் என்று நினைக்கிறோம், கால் வேறெங்கோ இருக்கிறது. நினைத்துப் பார்க்காமலா இருந்தார். ராத்திரி ராத்திரியாக அந்தக் குழந்தை ஓடி வந்துகொண்டுதான் இருக்கிறது, முகம் கிடையாது, பச்சைச் சட்டை மட்டும். அதற்காகத்தான் மார்க்கெட்டைத் தவிர எங்கேயும் போவதில்லை, அதுவும் கைப் பிரேக்கை நம்பி, ஆமை மாதிரி. அதை எவளிடம் சொல்வது. சொன்னால் பயம் என்பார்கள். பயம்தான். பயம் இருந்தால் ஓட்டக் கூடாது என்று எந்தச் சட்டம். அவர் கண் கண்ணாடி அலமாரியின் கீழ்த் தட்டில் போய் நின்றது. உயரமான ஜோடி ஒன்று, முழங்காலுக்குச் சாண் கீழே வரை ஏறுவது, கறுப்பு, வெள்ளிக் கொக்கி மூன்று. வந்ததும் அதைத்தான் வேதவல்லி பார்த்துச் சிரித்தாள், இதைப் போட்டா டிராஃபிக் சார்ஜண்ட் மாதிரி இருப்பே, மார்க்கெட்ல எல்லாரும் ஓடுவாங்க என்றாள். உயரம். செங்கல் எங்கே முடிகிறது. கணுக்காலில். கணுக்காலுக்கு மேலே கால் அவருடையதுதான், கொசு கடித்தால் தெரிகிறது, லுங்கி பட்டால் தெரிகிறது.

"அதை எடும்மா," என்றார்.

"இதா? இது நெடுந்தூரம் போறவங்க போடறதுங்க. லடாக் அங்கெல்லாம்."

"எடு."

"அப்பா, விளையாடறியா?"

நஸீரா கொண்டுவந்து வைத்தாள். கையை விட்டுத் தடவினார், மடிப்பு இல்லை. மேல்பக்கம் பார்த்தார், இரண்டு காலிலும் ரப்பர் இருந்தது. வேதவல்லி பாதியில் விட்ட கோட்டைத் தானே ஒரு முட்டியை ஊன்றி முடித்தார், போடும்போது முதுகு என்னென்னவோ சொல்லியது, காதில் வாங்கவில்லை. நஸீரா கத்தரிக்கோல் கொடுத்தாள். அட்டைக் கால் உள்ளே போய் மடங்காமல் படுத்தது, நுனியில் கட்டைவிரல் அகலம் மிச்சம். பிறகு அதை உருவிவிட்டு நிஜக் காலை விட்டார், இடதையும் விட்டார். கொக்கிகளைத் தானே மாட்டினார், யாரும் கிட்டே வர வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு. எழுந்து நின்று இடது குதிகாலைத் தரையில் ஊன்றி நுனியை அமுக்கினார், பிரேக்கை அமுக்குகிற மாதிரி. பாதம் ஒன்றும் சொல்லவில்லை. பூட்ஸின் அடி கெட்டி, வளையவில்லை, வளையாத பூட்ஸ் மொத்தமாக முன்னால் சாய்ந்தது, அதன் மேல் விளிம்பு போய் கெண்டைக்காலில் அமுங்கியது. அமுங்கியது. தெரிந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி தெரிந்தது, யாரோ பின்னாலிருந்து உள்ளங்கையால் பிடித்துத் தள்ளுகிற மாதிரி, லேசாக அமுக்கினால் லேசாக, பலமாக அமுக்கினால் பலமாக. எத்தனை காலத்துக்கப்புறம் கீழேயிருந்து ஒரு சேதி. அவர் முகத்தில் என்ன ஓடியதோ தெரியாது, அந்த ஹெல்மெட் பையன் திரும்பிப் பார்த்தான்.

"வா வெளில," என்றார் மகளிடம்.

"வர மாட்டேன்."

"சாவியை நீயே வச்சுக்க. நீயே வந்து போடு. சாவி போட்டாத்தான் பின்னாடி விளக்கு எரியும்."

வாசலில் வெயில் அறைந்தது. பூட்ஸுக்குள் இப்போதே வேர்த்திருக்கும், வேர்க்கட்டும். வண்டிமேல் ஏறி உட்கார்ந்தார். வேதவல்லி சாவியை முன் விளக்கு மண்டையில் நுழைத்துத் திருப்பினாள், கையை அதிலிருந்து எடுக்காமல் நின்றாள். பின்னாடி போய் நில்லு, சிவப்பு விளக்கைப் பாரு, நான் கண்ணை மூடிக்கறேன், மிதிச்சிட்டேன்னு சொன்னா எரியணும், விட்டுட்டேன்னா அணையணும் என்றார். அவள் சாவியை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் போனாள். கண்ணை மூடினார். தெரு சாய்ந்தது, ஆனால் உட்கார்ந்திருக்கிறார், சாயட்டும். இடது காலைத் தேடினார். கெண்டையில் விளிம்பு தொட்டது. "மிதிச்சிட்டேன்," என்றார். "எரியுது," என்றாள். "விட்டுட்டேன்." "அணைஞ்சிடுச்சு." "பாதி மிதிக்கறேன்." "எரியுது." ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு முழங்காலை உரசிப் போனது, கால் நகர்ந்துவிட்டது போல, திரும்ப வைத்தார், அமுக்கினார், விளிம்பு பலமாக அமுங்கியது. "மிதிச்சிட்டேன்." இன்னும் அமுக்கினார். "மிதிச்சிட்டேன்டி." "எரியலபா," என்றாள், ரொம்ப மெதுவாக. கண்ணைத் திறந்தார். கால் ஃபுட்ரெஸ்ட் மேல் இருந்தது. பிரேக் அதற்கு முன்னால் விரற்கடை தூரத்தில், தொடப்படாமல். பச்சைச் சட்டை ஒன்று கண்ணுக்குள் குறுக்கே ஓடியது. அவ்வளவுதானா. நஸீரா கடைப் படியில் நின்றுகொண்டிருந்தாள், வேதவல்லி வண்டிக்குப் பின்னால், எல்லாரும் ரொம்ப நல்லவர்களாக நிற்கிறார்கள், அந்த நல்லதனம்தான் ஆளைக் கொல்லும். இருக்கட்டும். கண்ணைத் திறந்தபடியே ஃபுட்ரெஸ்டை மிதித்தார். பிரேக்கை மிதித்தார். ஃபுட்ரெஸ்ட். பிரேக். இரண்டும் ஒன்றில்லை. ஃபுட்ரெஸ்ட் சுவர் மாதிரி, மிதித்ததும் கெண்டை இறுகி அப்படியே நிற்கிறது. பிரேக் இடம் கொடுக்கிறது, இறுக்கம் ஏறிக்கொண்டே போகிறது, மாவு பிசைகிற மாதிரி. அந்த ஏற்றம்தான் பிரேக். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். வேண்டுமென்றே காலை எடுத்துக் கீழே தொங்கவிட்டு, தூக்கி, எங்கேயோ வைத்து அமுக்கினார். "இது ஃபுட்ரெஸ்ட்," என்றார். "எரியல," என்றாள். முன்னால் நகர்த்தினார். "இது பிரேக்." "எரியுது." தொங்கவிட்டார், வைத்தார். "பிரேக்." "எரியுது." "ஃபுட்ரெஸ்ட்." "எரியல." சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவள் போதும் என்று சொல்கிற வரைக்கும் நிறுத்தவில்லை, போதும்பா என்று அவள் சொன்ன பிறகும் இன்னொரு தரம் மிதித்தார்.

வேதவல்லி முன்னால் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "தினம் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு காலையும் எங்கிட்ட காட்டணும்," என்றாள். "நான் பாக்கணும். விரலுக்கு நடுவுல எல்லாம்."

"காட்டறேன்."

"அந்த டாக்டர்கிட்ட நானும் வருவேன்."

"டாக்டர்னு யார் சொன்னது?"

"ஒண்ணும் இல்லாமயா நீ அட்டையை வெட்டிப் பாக்கற? வருவேன்."

"சரி."

"இருட்டினா வண்டி இல்ல."

"மழை வந்தாலும் இல்லையா?"

"மழை வந்தாலும் இல்ல. பேசாத."

"உன் பேச்சுதான் நிக்க மாட்டேங்குது. ஏறு." அவள் அசையவில்லை. "ஆட்டோ பிடிச்சுக்கிட்டு வரதுன்னா வா. நான் போறேன்."

ஏறினாள். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தாள். நஸீரா படியிலிருந்தே, தேய்ஞ்சா சொல்லுங்க, அடியை மட்டும் மாத்தித் தரேன் என்றாள். தலையை ஆட்டினார். உதைத்தார், முதல் உதையில் கிளம்பவில்லை, இரண்டாவதில் கிளம்பியது, நல்ல சத்தம். வலது நுனியால் கியரை மேலே தூக்கினார், கெண்டையில் பட்டது, காதில் விழுந்தது. ஜி.பி. ரோட்டிலிருந்து திரும்பியதும் முன்னால் பஸ், பக்கத்தில் ஒரு பையன் இரண்டு கேன் தண்ணீரோடு, இன்னொரு பக்கம் ஸ்கூட்டரில் ஒரு குடும்பமே, யாருக்கும் இவரைத் தெரியாது, இவருடைய காலைத் தெரியாது, ஆளாளுக்கு எது மரத்துப்போயிருக்கிறதோ யார் கண்டது. மவுண்ட் ரோடு சிக்னலில் மஞ்சள் விழுந்தது. முன்பெல்லாம் மஞ்சளில் ஒரு முறுக்கு முறுக்கிப் போய்விடுவார். மகளுடைய கை அவர் தோளில் வந்து இறுகியது, நகம் சட்டைக்குள் பதிந்தது. அவர் காலைப் பார்க்கவில்லை. நேராகச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு மிதித்தார். கெண்டையில் இறுக்கம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது, வண்டி கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது. காலை எடுத்துத் தரையில் ஊன்றினார். தரை இருந்தது. தோளில் இருந்த கை தளரவில்லை. பச்சை விழுந்தும் தளரவில்லை. இருக்கட்டும் என்று கியரைத் தூக்கினார்.